கொத்தமல்லிப் பாத்தியில் ஒரு காடு

செம்மண்பட்டணத்தில் அந்த வருஷம் அடித்த வெயிலில் பட்டத்து யானையே நிழல் தேடி அரண்மனைத் தாழ்வாரத்துக்குள் தலையை நுழைத்துவிட்டது. ராஜா வீரமல்லர் பதறிப்போனார்.

“ஊருக்கு நடுவிலே எனக்கு ஒரு காடு வேண்டும்” என்றார்.

“ஆகட்டும் பிரபு” என்றான் அரண்மனை விகடகவி கூத்தபிரான். சந்தைக்குப் பின்னால் கிடந்த குப்பைமேட்டைக் கேட்டு வாங்கினான். அமைச்சர் பெருந்தேவருக்கு வயிறு எரிந்தது. அதே மேட்டில் மருமகனுக்கு மாளிகை கட்ட அவர் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார்.

கூத்தபிரான் மேட்டை ஆழமாகக் கொத்திச் சாணமும் வைக்கோலும் போட்டான். வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல் என்று அந்த மண்ணில் தானாக முளைக்கிற கன்றுகளாகப் பார்த்து, தோளோடு தோள் இடிக்க நட்டான். நடுநடுவே காரையும் சூரையுமாக முள்செடிகள்.

“இவ்வளவு நெருக்கமாகவா?” என்றார் ராஜா.

“பக்கத்தில் ஒருவன் முட்டிக்கொண்டு நின்றால்தான் மரம் சீக்கிரம் மேலே போகும் பிரபு. என்னையும் அமைச்சரையும் பாருங்களேன்.”

“இதற்குப் பெயர் காடா? கொத்தமல்லிப் பாத்தி” என்றார் பெருந்தேவர்.

சபையே சிரித்தது. கூத்தபிரானும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல்லை மடியில் முடிந்து வைத்துக்கொண்டான். சாப்பிட்டதை மறந்தாலும், பட்ட சொல்லை மறக்கிற பிறவி இல்லை அவன்.

நாலைந்து மழைக்காலம் போயிற்று. மரங்கள் கூரைகளைத் தாண்டி நின்றன. பெருந்தேவர் ராஜாவின் காதைக் கடித்தார்.

“பிரபு, காடென்றால் வழி தவற வேண்டும். இந்தப் பாத்தியை ஒரு வாய் வெற்றிலை மெல்லுவதற்குள் தாண்டிவிடலாம். வெட்டிவிட்டு இடத்தை அடியேனுக்குத் தாருங்கள்.”

ராஜா யோசித்தார். கூத்தபிரானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “தாண்டிவிட்டால் நாளைக்கே கோடாலி. கூத்தா, உன் வேலையும் போகும்.”

“சரி பிரபு. ஆனால் என் ஆள் போனால், வேண்டுமென்றே சுற்றினான் என்பார் அமைச்சர். அவரே போகட்டும்.”

மறுநாள் காலை ராஜா காட்டோரம் ஆசனம் போட்டு உட்கார்ந்தார். பெருந்தேவர் சரிகைத் தலைப்பாகையோடு வந்து வெற்றிலையை வாயில் திணித்தார்.

“உள்ளே வனதேவதை இருக்கிறாள் ஐயா. செருப்பு ஆகாது” என்றான் கூத்தபிரான்.

முறைத்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வெற்றிலை மெல்லும் நேரம் போயிற்று. உள்ளே “ஐயோ” என்று சத்தம் கேட்டது. முள் மறித்தால் ஒதுங்கி, மரம் மறித்தால் திரும்பி, அண்ணாந்தால் சூரியனும் தெரியாமல் அமைச்சர் அலைந்தார். சத்தம் ஒருமுறை கிழக்கே கேட்டது, ஒருமுறை மேற்கே கேட்டது. ராஜாவுக்குப் பசியெடுத்தது; மோர் வரவழைத்துக் குடித்தார்.

உச்சிவேளையில் புதர் அசைந்தது. தலைப்பாகை இல்லை. வேட்டி கிழிந்திருந்தது. தலையெல்லாம் சருகு. நாலு காலில் தவழ்ந்து வந்த பெருந்தேவர் ராஜாவைப் பார்த்ததும் முகம் மலர எழுந்து கும்பிட்டார்.

“தாண்டிவிட்டேன் பிரபு! அடியேனை வரவேற்க இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டீர்களா?”

ராஜா வாய் விட்டுச் சிரித்த சிரிப்பில் மோர்ச் செம்பு உருண்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

கூத்தபிரான் குனிந்து, செருப்பை எடுத்து அமைச்சரின் காலடியில் பணிவாக வைத்தான்.

“போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. கழற்றிய இடத்திலேதான் கிடந்தது. கொத்தமல்லி குத்தியிருக்கும்.”