ஈரத் துண்டு

பனிமலை மடத்தில் விடியற்காலைப் பாடலை எடுத்துக் கொடுப்பவர் ஆவுடையப்பன். அந்தக் குளிர்காலத்தில் இருமல் வந்து அவர் குரல் அடைத்துக்கொண்டது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செங்கமலம் ஏற்றாள்.

செங்கமலம் நாகப்பட்டினத்துக்காரி. அவள் ஊரில் குளிர் என்றால் மழை, சுவரில் ஓதம், பெட்டியில் பூஞ்சை. ஈரம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது என்று முடிவு கட்டினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பில் விறகை ஏற்றினாள். அடுப்பின்மேல் எப்போதும் இருக்கும் தண்ணீர்ப் பானையை, ஆவி கிளம்புகிறதென்று, வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

மூன்றாம் நாள் ஆவுடையப்பனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. உதடு வெடித்தது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'இனிமேல் பாடுவேனா?' கீழே இன்னொரு வரி: 'இந்த அம்மாளோடு வாதாட வேண்டியதில்லை, அது ஒன்றுதான் லாபம்.'

செங்கமலம் சிரிக்கவில்லை. நேராகக் குரு மங்கையம்மாளிடம் போனாள். குரு அவளைவிடப் பத்து வயது இளையவர். நோயாளியை இப்படிக் குளிரில் போட்டிருப்பது அநியாயம் என்றாள். இன்னும் இரண்டு கட்டு விறகு உடனே வேண்டும், விறகை அளந்து கொடுத்துவிட்டுக் கருணையைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம் என்றும் கேட்டாள்.

மங்கையம்மாள் முழுதும் கேட்டார். விறகைக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து, நோயாளியின் அறைக் கொடியில் போட்டார்.

"அம்மா, ஈரத்தை விரட்ட நான் மூன்று நாளாகப் பாடுபடுகிறேன். நீங்கள் அதைக் கொண்டுவந்து தொங்கவிடுகிறீர்களே?"

"சாப்பிட்டுவிட்டு வந்து பேசுவோம்."

சாப்பிட்டுவிட்டு வந்தபோது துண்டு அப்பளம்போல் காய்ந்து விறைத்திருந்தது.

"இதிலிருந்த ஈரம் எங்கே?"

"காற்று குடித்துவிட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா, அம்மா?"

ஆவுடையப்பன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மங்கையம்மாள் அவரைப் பார்த்தார்.

"துண்டு இல்லாத மூன்று நாளும் அந்தக் காற்று யாரைக் குடித்தது?"

செங்கமலம் வெளியே போனாள். பானைத் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.