தையல்சிட்டின் பத்துக் கூடுகள்

குழந்தைகளே, இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு காக்கை. அதில் ஓர் இடத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. காக்கை பொய் சொன்னதோ, நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அது எந்த இடம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

ஒரு காட்டில் ஒரு மயில் கூடு கட்டும் தொழில் நடத்திவந்தது. முப்பது பறவைகள் அதனிடம் வேலை பார்த்தன. யார் கட்டினாலும் அதை 'மயில் கட்டிய கூடு' என்றுதான் காடு சொல்லும். மயிலுக்கோ ஒரு சுள்ளியை நேராக வைக்கத் தெரியாது.

அங்கே வேலை பார்த்த தையல்சிட்டுக்கு இது வருத்தமாக இருந்தது. இலையோடு இலை சேர்த்துச் சிலந்தி நூலால் தைப்பதில் அதற்கு நிகர் யாரும் இல்லை. ஒருநாள் அது மயிலிடம் போய், இனி தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொன்னது.

மயில் கோபிக்கவில்லை. "போய் வா தம்பி. முதல் மழை வரை, இங்கே நீ உட்கார்ந்து தைக்கும் கிளையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு என்னால் முடியாது. ஒன்று மட்டும் கேள். யாரிடமும் போய் வேலை கேட்காதே. நல்ல வேலைக்காரனைத் தேடிக்கொண்டு வருவார்கள்."

சொன்னது மயில். அது தோகையை விரித்தால் போதும், காடே கூடிவிடும். சிட்டுக்குத் தோகை இல்லை என்பது அப்போது இருவருக்கும் நினைவு வரவில்லை.

குளத்துக்குப் போகும் பாதையோரம் ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் உச்சிக் கிளையில்தான் நம் காக்கை குடியிருந்தது. சிட்டு கீழ்க் கிளைகளில் மாதிரிக்காகப் பத்துக் கூடுகள் தைத்துத் தொங்கவிட்டது.

தண்ணீர் குடிக்கப் போன எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஓணான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்றது. தினைக்குருவி தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியது. எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு ஒன்று தைத்துக் கொடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தையலில்தான் குறை என்று நினைத்தது சிட்டு. பிரித்துத் தைத்தது. மறுபடியும் பிரித்தது.

"நாமே போய்க் கேட்டால் என்ன?" என்றது அதன் மனைவி.

"நான் தொழில்காரன். பிச்சைக்காரன் இல்லை."

மனைவி நூல் தேடப் பறந்துபோனது.

ஒருநாள் காலை மேற்கே வானம் கருத்தது. இன்னும் காத்திருந்தால் பழைய கிளையும் போய்விடும். சிட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மயிலின் இடத்துக்குக் கிளம்பியது.

வழியில் அணில் எதிர்ப்பட்டது. வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. அதை ஒரு மரப்பொந்தில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கியது.

"என்ன அக்கா, குட்டியோடு எங்கே?"

"காற்றில் கூடு பிய்ந்துவிட்டது தம்பி. இந்தப் பொந்தும் ஒழுகும். மழை வருவதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும்."

"தினமும் என் மரத்தடி வழியாகத்தானே போகிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன்னிடமா? பத்துப் பேருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு நடுவில் என்னை எங்கே கவனிக்கப் போகிறாய் என்று விட்டுவிட்டேன்."

சிட்டுக்கு வெட்கமாக இருந்தது. மெல்லச் சொன்னது: "அந்தப் பத்தும் காலி அக்கா. எனக்கு இன்னும் ஒரு வேலைகூட வரவில்லை."

அணில் அதையே பார்த்தது. "காலியா? நாங்கள் எல்லோரும் உனக்கு மூச்சுவிட நேரமில்லை என்றல்லவா பேசிக்கொண்டிருந்தோம்?"

சிட்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான் உங்களுக்கு ஒரு கூடு தைத்துத் தரட்டுமா?"

அதன் வாழ்க்கையில் அது முதன்முதலாகக் கேட்ட வேலை அது.

"தா. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றும் எனக்கு ஆகாது. உன் உடம்புக்குத்தானே எல்லாம் தைத்திருக்கிறாய்? என் வாலே அதில் நுழையாது."

சிட்டு சிரித்துவிட்டது. எத்தனை குட்டிகள், வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அகலமான தேக்கிலைகளாகப் பார்த்துத் தைத்தது. மனைவி நூல் கொண்டுவந்தது; அணில் உள்ளே போட இலவம்பஞ்சு கொண்டுவந்தது. கடைசித் தையல் போட்டதும் முதல் துளி விழுந்தது.

மயில் அந்தக் கிளையை வேறொரு பறவைக்குக் கொடுத்துவிட்டது.

மழை கொட்டியது. அணிலின் குட்டிகள் நனையவில்லை. அணில் அதைத் தினைக்குருவியிடம் சொன்னது. தினைக்குருவி போகிற இடமெல்லாம் சொன்னது. மழை விடுவதற்குள் மூன்று பேர் வேலை கேட்டு வந்தார்கள். வராதவர்களிடம் சிட்டே போய்க் கேட்டது.

இனி, நான் நம்பாத இடம். பத்துக் கூடுகள் அத்தனை நாள் காலியாகத் தொங்கியது காட்டில் ஒருவருக்குமா தெரியாமல் போயிற்று?

சென்ற வாரம் அந்தக் காக்கை என் ஜன்னலுக்கு வந்தது. சோறு வைத்தேன். அது தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்:

"நீ அதே மரத்தின் உச்சியில்தானே இருந்தாய்? கூடுகள் காலி என்று பார்த்திருப்பாய். காடெல்லாம் சுற்றி எல்லோர் கதையும் சொல்கிற நீ, சிட்டுக்கு வேலை வேண்டும் என்று மட்டும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"தனக்கு வேலை வேண்டும் என்று சிட்டு என்னிடம் சொல்லவே இல்லையே" என்றது காக்கை.

நீதி: உனக்கு வேலை வேண்டும் என்று நீ சொல்லாவிட்டால், உன்னைத் தினமும் பார்க்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.