தாழியில் கிடைத்த தொடை எலும்பு

முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொன்னவர் டாக்டர் தேவசகாயம். அவர் சொன்னதில் யாரும் குறை கண்டதில்லை. ஓய்வுபெற்றதும் பழங்கால எலும்புகளைப் படிக்க ஆசை வந்தது. அதைக் கற்பிக்கும் அங்கயற்கண்ணியின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு அவர் மகளின் வயதுதான்.

முதுமக்கள் தாழியில் கிடைத்த ஒரு பெண்ணின் தொடை எலும்பை ஆசிரியை அவரிடம் ஒப்படைத்தார். நகத்தளவு துண்டு வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தரம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டருக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது. அனுபவம்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பார்க்காமலே தேய்த்தார். கடைசியில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, எலும்பைக் காணோம்.

ஆசிரியை திட்டவில்லை. இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளச் சொன்னார்.

இந்த முறை இரண்டு நாள் ஆனது. நுண்ணோக்கியில் வட்டம் வட்டமாக எலும்பு தெரிந்தது. பழைய வட்டத்தை அரித்துக்கொண்டு புது வட்டம், அதன் மேல் இன்னொன்று. வயது ஏற ஏற இந்த வட்டங்கள் பெருகும். அந்தப் பெண் நாற்பதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறாள் என்று கணித்தபோது டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனார்.

“மேடம், ஆஸ்பத்திரியில நான் பார்த்துச் சொன்னா நோயாளிக்குப் பலன் இருந்துச்சு. இந்தம்மாவுக்கு என்னால ஒரு பலனும் இல்ல. ஆனா எனக்கு இவ்வளவு காட்டியிருக்காங்க. இவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?”

ஆசிரியை அறிக்கையை முழுவதும் வாசித்தார். வெட்டிய இடம், அளவு, வயதுக் கணிப்பு எல்லாம் சரியாக இருந்தன. ‘எடுத்த துண்டு: ஒன்று’ என்ற வரிக்கு வந்ததும் அதன்மேல் விரலை வைத்தார்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடம் சம்பாதித்த பெயர், முதல் துண்டைத் தேய்த்தே தொலைத்ததை எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மெல்லச் சொன்னார்.

ஆசிரியை பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அந்தம்மா ரெண்டு குடுத்திருக்காங்க, டாக்டர்.”