துண்டு வீசும் கை எது?

வாதாடப் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதை. "எல்லாரும் நல்லவங்கதானே, விடு" என்று எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

பல்கலைக்கழகத்தில் நிலைத்த வளர்ச்சி படிக்கும் மூன்று பெண்கள் களப்பணிக்காகச் செங்கரைப்பட்டிக்கு வந்தார்கள். அரசியல் படித்துவிட்டு வந்தவள் ஃபரீதா. சட்டம் படித்துவிட்டு வந்தவள் சம்யுக்தா. பொருளாதாரக்காரி ஜெசிந்தா. இந்த ஜெசிந்தா கடற்கரைப் பெண். மீன் இல்லாத சோற்றைச் சோறென்றே ஒப்புக்கொள்ளாதவள். அவள் ஊரில் பெண்கள் மீன் விற்கலாம், காயப்போடலாம், கூடை சுமந்து தெருத்தெருவாய் அலையலாம். அப்பாவின் படகில் மட்டும் கால் வைக்கக்கூடாது. ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செங்கரைப்பட்டியிலும் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் மீன்பிடித் திருவிழா. கரையில் ஒருவர் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே, மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகத் தண்ணீருக்குள் பாயும். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். துண்டு வீசியவர் மட்டும் தண்ணீரில் இறங்கக்கூடாது. அன்றைக்கு அவர் வாயில் மீன் படவும் கூடாது.

ஆனால் திருவிழா நின்று சில வருஷமாகியிருந்தது. மேலத்தெருவார் பிடித்து முடித்த பிறகுதான் கீழத்தெருவார் இறங்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். (யார் எழுதாமல் விட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும்தான்.) அதில் மண்டை உடைந்து, அதிகாரிகள் தடை போட்டுவிட்டார்கள். போதாததற்குக் கடைசித் திருவிழாவில் கண்மாயின் நடுப்பள்ளத்தையும் கலக்கி, சினைமீனைக்கூட விடாமல் அள்ளியிருந்தார்கள். மறுபடி மீன் பெருகவே வருஷக்கணக்காயிற்று.

மூவரும் வேலையில் இறங்கினார்கள். ஃபரீதா பேசிப் பேசியே இரண்டு தெருவையும் ஒரே பந்தலில் உட்காரவைத்தாள். இனி எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவது என்றும், எந்த நாளில் என்றும் ஊர்கூடி முடிவாயிற்று. "நீயும் எங்களோட இறங்கணும் தாயி" என்று கீழத்தெருப் பெண்கள் கேட்க, அவள் கையடித்து வாக்குக் கொடுத்தாள். சம்யுக்தா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து தடையை நீக்கி வாங்கினாள். ஜெசிந்தா நடுப்பள்ளத்தைச் சுற்றி மூங்கில் நடவைத்து, "இதுக்குள்ள நீந்துறது அடுத்த வருஷக் குழம்பு, யாரும் கை வைக்கக்கூடாது" என்று ஊரைச் சம்மதிக்கவைத்தாள்.

திருவிழாவுக்கு முதல் நாள், வழக்கமாகத் துண்டு வீசும் கருப்பையா அவர்களிடம் வந்தார்.

"இத்தனை திருவிழாவுலயும் கரையில நின்னு அடுத்தவன் வாயைத்தான் பாத்தேன். இந்த வாட்டி நானும் இறங்குறேன். துண்டு உங்கள்ல ஒருத்தருக்கு. பொம்பளைக் கையில துண்டு போறது இதுதான் முதத் தடவை. யாருக்குன்னு நீங்களே பேசி முடிங்க, ஆத்தா."

அவர் மனைவி பேச்சி சிரித்தாள். "மீன்னா உசுரை விடுவாரு இந்த மனுசன். இவருக்கு மேல மீன் பைத்தியம் இந்த ஊருல கிடையாது. அதனாலதான் அப்பவே இவரு தோள்ல துண்டைப் போட்டாங்க."

அவ்வளவுதான், மூவருக்குள்ளும் மூண்டது.

"துண்டு எனக்குத்தான்," என்றாள் சம்யுக்தா. "நான் மீனே சாப்பிடமாட்டேன். எனக்கு அதுல எந்த லாபமும் இல்ல. தனக்கு லாபம் இருக்கிற விஷயத்துல யாரும் நீதிபதியா உட்காரக்கூடாது, தெரியுமில்ல?"

"ஊர் சேர்ந்தது என்னாலடி. ஊர் ஒத்துக்கிட்ட ஆள்தான் வீசணும்," என்றாள் ஃபரீதா.

"அப்ப கீழத்தெரு அக்காங்களுக்குக் குடுத்த வாக்கு?" என்று மடக்கினாள் சம்யுக்தா.

"அவங்க புரிஞ்சுக்குவாங்க."

ஜெசிந்தா பேச்சியிடம் இரவல் வாங்கி வைத்திருந்த ஊத்தாவைப் பார்த்தாள். மிளகாய், மல்லி அரைத்துத் தயாராக இருந்தது. விடுதிச் சாம்பாரில் செத்துப்போன நாக்கு அந்த வாசனைக்கே உயிர்பெற்றிருந்தது. ஆனால் அந்தத் துண்டு! படகில் ஏறவிடப்படாத ஒரு பெண்ணின் கையசைப்புக்கு ஒரு கண்மாயே காத்து நிற்கும்.

"எனக்கு வேணும்," என்றாள்.

"நீயா? ஒரு விரால் மீன் துள்ளுனா துண்டோடயே குதிச்சிருவடி!" என்று இருவரும் சிரித்தார்கள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஊத்தாவை எடுத்துக் கருப்பையாவின் கையில் கொடுத்தாள். "நாளைக்கு நீங்க வச்சுக்கங்கண்ணே."

படித்தவர்களே, இப்போது சொல்லுங்கள். லாபமில்லாத சம்யுக்தா, ஊரைச் சேர்த்த ஃபரீதா, நாக்கில் எச்சில் ஊறும் ஜெசிந்தா. துண்டு யாருக்குப் போவது நியாயம்?

விடை: ஜெசிந்தாவுக்கு. எந்த நாளில், யார் யார் இறங்குவது என்பதையெல்லாம் ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கரையில் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அங்கே நீதிபதிக்கு வேலை இல்லை. ஃபரீதாவின் வாக்கோ, முதல்முறையாகச் சமமாக இறங்குகிறவர்களுக்குக் கொடுத்தது. அவர்களோடு இறங்க வேண்டியவள் கரையில் நிற்கலாமா? பேச்சி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: ஊர் துண்டைக் கொடுத்தது மீன் பைத்தியத்திடம். பசியே இல்லாதவர் பசித்தவரைப் பார்த்து "நாளைக்கும் மிச்சம் வை" என்று சொல்வதுதானே உலகம் முழுக்க நடக்கிறது! ஆசை இருப்பவள் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றால்தான் மற்றவர் கையும் மூங்கிலைத் தாண்டாது. தாண்டவுமில்லை. அன்று ஊரெல்லாம் குழம்பு கொதிக்க, ஜெசிந்தா மோர்ச்சோற்றை ஊறுகாயோடு தின்றாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மறுநாள் காலையில் பேச்சி ஒரு மண்சட்டியோடு வந்தாள். "விதி நேத்தோட முடிஞ்சுபோச்சு, சாப்பிடு புள்ள. மீன் குழம்பு வச்ச அன்னிக்கா ருசிக்கும்? மறுநாள்தான்."