ராஜா காதில் விழுந்த கோழி

முன்னொரு காலத்தில் செங்கழுநீர்ச் சீமையை இரணசூர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேலே வரும்.

ஒருநாள் சபையில் கொதித்தார். "நேற்றுக் கப்பலேறிய இங்கிலீஷ் துரை என்ன சொன்னான் தெரியுமா? நான் 'ஹியர்' பண்ணுகிறேனாம், 'லிசன்' பண்ணுவதில்லையாம்! இரண்டும் கேட்பதுதானே?"

மந்திரி பராங்குசம் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்தான பண்டிதர் சர்வோத்தமர் முந்திக்கொண்டார். மந்திரி பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "வித்தியாசமாவது மண்ணாவது! இரண்டும் காதின் வேலை. பாருங்கள், மந்திரியார் திருதிருவென முழிக்கிறார்!"

"பராங்குசம், நாளை சபையில் எனக்குப் புரியவை. இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைப் பண்டிதரிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பு!"

பராங்குசத்துக்கு விடை தெரியாமல் இல்லை. 'நீங்கள் எதையும் காதில் வாங்குவதில்லை' என்று ராஜாவிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? ராஜாவின் பட்டங்களைக் கூவும் கட்டியக்காரர் மாசிலாமணியிடம் ஓடினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் அலறிவிட்டார்.

"ஐயோ, என் தலை போய்விடும் மந்திரியாரே!"

"போனால் துணைக்கு என் தலையும் வரும். தைரியமாகக் கூவும்!"

மறுநாள் ராஜா நுழைந்தார். "ராஜாதிராஜ! ராஜமார்த்தாண்ட! பகைவர் குலகாலன்! பக்கத்து ஊர்க் கோழி திருடன்! பார் புகழும் சூரன்! பல்லியைக் கண்டு ஓடிய தீரன்! பராக்! பராக்!"

சபை முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது. ராஜா தினம்போலத் தலையாட்டிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். பண்டிதரோ கண்கலங்கினார். "ஆகா! ஒவ்வொரு பட்டமும் மகாராஜாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அல்லவா இருக்கிறது!"

"எல்லாம் காதில் விழுந்ததா, பண்டிதரே?" என்றார் பராங்குசம்.

"ஓர் எழுத்து விடாமல்!"

"மாசிலாமணி, இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாகச் சொல்லும்."

பாவம், நடுங்கிக்கொண்டே சொன்னார். கோழி வந்ததும் ராஜாவின் வெற்றிலை நழுவியது. பல்லி வந்ததும் பண்டிதர் முகம் வெளிறியது.

"முதல் தடவை எல்லார் காதிலும் விழுந்தது, அது ஹியர். இப்போது காதுகொடுத்துக் கேட்டீர்களே மகாராஜா, அதுதான் லிசன்."

ராஜா பராங்குசத்தையே முறைத்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் குரல் இறங்கியது. "அப்படியானால் குடிகள் என்னிடம் அழுததெல்லாம் இப்படித்தானே போயிருக்கும்?" என்று நிஜமாகவே வருந்தினார்.

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டுவிட்டுப் பண்டிதர் பக்கம் திரும்பினார். "இனிமேல் குடிகளின் முறையீட்டை எல்லாம் பண்டிதர் அரண்மனை வாசலில் வெயிலில் நின்று கேட்டு, வந்து என்னிடம் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் விட்டாலும் மொட்டை அடித்துவிடுங்கள்!"

பண்டிதரின் கண்ணோ அந்த முத்துமாலையைவிட்டு நகரவே இல்லை. ராஜா பேசி முடித்ததும் கைகூப்பிக் குழைந்தார்.

"அருமையான உத்தரவு மகாராஜா! இன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்!"