முதலாளி மோந்து பார்த்த பைன்

கொடைக்கானல் மலையில் ரத்தினசபாபதி என்றொரு எஸ்டேட் முதலாளி இருந்தார். பங்களா வாசலில் வெளிநாட்டுப் பைன் மரம் ஒன்றை வளர்த்து, வந்தவர்களை எல்லாம் அதன் கீழே நிறுத்திப் பிரசங்கம் செய்வார்.

தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் வேறொரு வகைப் பைன்கள் நின்றன. அங்கே குளிர்காற்றைத் தடுத்தவை அவைதான்.

ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் தோட்டக்காரி பூவாத்தாளைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் பங்காளி மரம்தான். ஆனா என் மரத்து நீள இலையில பன்னீர் மணக்கும். லைன் வீட்டு மரத்துக் குட்டை இலையில மண்ணெண்ணெய் நாறும். கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். அந்தப் பீடைகளை நாளைக்கே வெட்டிடு!"

பூவாத்தாள் "சரிங்க ஐயா" என்றாள். போய், இரண்டு கைகளிலும் கசக்கிய பைன் இலையோடு வந்தாள்.

"மரம் மாறிடக் கூடாதுங்களே ஐயா. மோந்து சொல்லிடுங்க."

முதலாளி கண்ணை மூடினார். அவளது இடக்கையை மோந்து, "ஆகா! ராஜவம்சம்!" என்றார். வலக்கையை மோந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ! லைன் வீட்டு நாத்தம்!"

விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

"ரெண்டும் உங்க வாசல் மரத்துல பறிச்சதுங்க ஐயா," என்றாள் பூவாத்தாள். "நாத்தம் புடிச்ச பாதியை மட்டும் வெட்டிரட்டுங்களா?"

ஒரு விருந்தாளிக்குத் தேநீர் புரையேறியது. மற்றவர்கள் சிரிப்பை அடக்கவே இல்லை.

லைன் வீட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. முதலாளி இப்போது ரோஜாச் செடிகளைப் பற்றித்தான் பேசுகிறார். அதுவும், பூவாத்தாள் அக்கம்பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு.