தப்பாத கை

சட்டநாதன் சாரிடம் மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர் பாட்டுக் கற்றுக்கொண்டோம். ஒருவர்கூட அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. சீர்காழியில், ஒரு மிக்சி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் அவர் இருந்தார். அவருடைய லேப்டாப்பில் ஆளுக்கொரு கட்டத்தில் நாங்கள் இருந்தோம்.

சாருக்கு முப்பத்துமூன்று வயது, நாகஸ்வரக் குடும்பம். எனக்குப் பதினாறு, ஈரோட்டு அப்பா அம்மாவோடு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். பரணீதரன் அண்ணா தோஹாவில் கட்டட இன்ஜினியர். வேலை நடக்கும் இடத்தில் காரை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து பாடுவார். தர்மினி ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். நார்வேயில், பெர்கன் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. ஐம்பத்தேழு வயதில் சரளிவரிசை தொடங்கியவர்.

சனிக்கிழமை, எங்கள் ஊர்க் கணக்கில் காலை எட்டு மணிக்கு வகுப்பு. சாருக்கு அது பக்கத்து வீட்டுக் குழம்பு கொதிக்கிற நேரம்.

இணையத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் குரல் முந்தும், ஒருவர் குரல் பிந்தும், மூன்று பேரும் தொடங்கினால் சந்தைக்கடை. அதனால் சார் எங்களை மியூட்டில் போட்டுவிட்டுப் பாடுவார். நாங்கள் அவரவர் வீட்டில் கூடவே பாட வேண்டும். எங்கள் வாயும் தாளம் போடுகிற கையும் அவருக்குத் தெரியும். குரல் போகாது.

அப்படிப் பன்னிரண்டு நிமிடம். பிறகு ஒவ்வொருவராகத் திறந்துவிட்டுக் கேட்பார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் பாடியதே இல்லை.

எனக்குக் காது அப்படி. ஒரு தடவை கேட்டால் திருப்பித் தந்துவிடுவேன். குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டதற்குக் கத்துகிற கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாள், போனில் அழுதுகொண்டே கடன் கேட்கிற ஈரோட்டுச் சித்தப்பா, சீர்காழித் தெருவில் 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை' என்று போகிற ஒலிபெருக்கி, எல்லாம் என் தொண்டையில் குடியிருந்தன. சாரும் குடியேறி ரொம்ப நாளாகியிருந்தது. "ம்ஹும், இன்னொரு தடவை" என்று அவர் குரலில் நான் சொன்னால், அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார்.

"போதும் நிறுத்து கண்ணு" என்பார் அம்மா. பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொன்னார்கள். இன்னொரு தடவை என்று என்னிடம் கேட்கிற ஒரே ஆள் சார்தான். அதனால் எந்தச் சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. பன்னிரண்டு நிமிடத்தைத் தவிர.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். நவம்பரில் ஒரு நாள், நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாயை அசைத்து, ஆதி தாளம் போட்டு, என்னை நானே வீடியோ எடுத்தேன். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டாவது எண்ணிக்கை முடிகிற இடத்தில் பிசிறில்லாமல் வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டினேன். சார் மியூட் சொன்னதும் கேமராவுக்குப் பதில் அது ஓடும். நான் சமையலறையில் ரொட்டி தின்றபடி ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பேன். என் முறை வரும்போது ஓடிவந்து உட்கார்ந்து, சார் பாடியதை அப்படியே திருப்பித் தருவேன்.

ஒரே சங்கடம், ஸ்வெட்டர். ஜூன் மாத வெயிலிலும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஸ்டுட்கார்ட்ல வெயிலே வராதா மிதுனா?" என்று சார் ஒரு நாள் கேட்டார்.

"குளிர் சார்."

"ம்ஹும்" என்றார்.

அந்த ம்ஹும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை மட்டும் நான் வீட்டில் செய்து காட்டவில்லை.

வர்ணத்தில் இரண்டாம் காலம் வந்தது. கை அதே நடையில் போகும், வாய் இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடியும்போது சார் சொன்னார்.

"மியூட்ல இருக்கறப்போ ஒருத்தர் பாடுறதில்ல."



"யார் சார்?" என்றார் பரணீதரன் அண்ணா.

"எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை முடியறப்போ அந்த ஆள் இந்த வகுப்புல இருக்க மாட்டாங்க."

திரை அணைந்தது.

அரைமணி நேரத்தில் பரணீதரன் அண்ணா எனக்கு எழுதினார். 'மிதுனா, தர்மினி அம்மாவைக் கவனிச்சியா? பாதித் தாளத்துல கை அப்படியே நிக்குது. பாடுறவங்க கை நிக்குமா?' அவரே அப்போது ஆன்ட்டிக்கு என்ன எழுதினாரோ. ஆன்ட்டி எனக்கு ஒலிப்பதிவு அனுப்பினார்: "அந்தத் தம்பி காருக்குள்ள இருந்து என்ன செய்யிறார் எண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை? வாய் அசையுது. போனில கதைக்கிறாரோ என்னவோ."

இருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் பாடுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

எனக்கு அது பெரிய திருவிழாவாக இருந்தது. சார் குரலில் ஒரு பதிவு செய்து, தெரியாத எண்ணிலிருந்து பரணீதரன் அண்ணாவுக்கு அனுப்பினேன். 'தம்பி, ஏசியைப் போட்டுக்கிட்டுக் காருக்குள்ள தூங்குறதுக்குப் பேர்தான் சாதகமா?' அண்ணாவிடமிருந்து அந்த எண்ணுக்கு ஒன்பது பதில்கள் வந்தன. கடைசிப் பதிலில் கார் ஏசியின் படம் இருந்தது. அணைத்திருந்தார்.

புதன்கிழமை தர்மினி ஆன்ட்டி கூப்பிட்டார். பதிவு இல்லை, நேராக அழைப்பு.

"மிதுனா, நான் இந்தச் சனியோட விடப்போறன்."

"ஏன் ஆன்ட்டி?"

"சார் சொன்னது என்னைத்தான். ரண்டாம் காலத்தில கை என்ர சொல்லுக் கேக்குதில்லை. நிண்டு நிண்டு போகுது. அவர் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார். இவ பாடாமல் சும்மா இருக்கிறா எண்டு நினைச்சிருப்பார்."

"நீங்க பாடறீங்கதானே?"

"வோர்டு கழுவேக்கையும் பாடுறன் பிள்ளை. கிழவர் ஒருத்தர் எழும்பி இருந்து கை தட்டுறார், நோர்வேக்காரன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அவர் வாயால போங்கோ எண்டு சொல்ல முந்தி, நானாப் போனால் மரியாதை. உனக்குத்தான் முதல் சொல்லுறன்."

போனை வைத்த பிறகு பழக்கத்தில் ஆன்ட்டியின் குரலைச் செய்து பார்த்தேன். 'நானாப் போனால் மரியாதை.' அச்சு அசலாக வந்தது. இரண்டாவது தடவை செய்யவில்லை.

சாரைக் கூப்பிட்டேன். கீழே மிக்சி அலறிக்கொண்டிருந்தது.

"சார், அது யாருன்னு நிஜமாவே தெரியுமா?"

"தெரியும்."

"தர்மினி ஆன்ட்டி இல்லையே?"

"நீ ஏன் அவங்களுக்காகக் கேக்குற?"

"சும்மா."

"சும்மா கேக்கற கேள்விக்குப் பதில் இல்ல. சரியாக் கேளு."

"எங்க குரல் உங்களுக்குக் கேக்காது. அப்போ யார் பாடறாங்க, யார் பாடலைனு எப்படி சார் தெரியும்?"

மிக்சி நின்றது. அந்த அமைதியில் அவர் யோசிக்கிற சத்தமே எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

"சனிக்கிழமை வா" என்றார். பிறகு, "நீயே வா."

சனிக்கிழமை நான் ஸ்வெட்டர் போடவில்லை. வீடியோவையும் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு வியர்த்தது.

பரணீதரன் அண்ணா முந்திக்கொண்டார். "சார், நீங்க அனுப்பின பதிவுக்கப்புறம் நான் ஏசியே போடுறதில்ல. சத்தியமா நான் தூங்கல சார்."

"நான் எங்க பதிவு அனுப்பினேன்?"

அண்ணா போனைத் திரையருகே பிடித்து ஓடவிட்டார். சார் கண்ணை மூடிக் கேட்டார்.

"நான்தான்" என்றார். "மூச்சு எடுக்கற இடம்கூட என்னோடதுதான். ஆனா நீங்க என்னைவிட மூணு வயசு மூத்தவர், பரணீதரன். உங்களைத் தம்பின்னு நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார் சார். "போன வாரம் சொன்னதை முடிச்சிடுவோம். இன்னைக்கு நீங்க எல்லாரும் திறந்திருங்க. நான் மியூட்."

அவர் கட்டத்தின் மூலையில், மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. கை எழுந்தது, வாய் அசைந்தது. தட்டு, விரல், விரல், விரல். ஒரு சத்தமும் இல்லை. தோஹாவில் ஏதோ இயந்திரம் ஓடியது. பெர்கனில் மழை கேட்டது. சீர்காழி மட்டும் ஊமையாக இருந்தது. அப்படி முழு வர்ணம், இரண்டு காலமும்.

சிவப்புக் கோடு மறைந்தது.

"நான் பாடினேனா?"

"பாடினீங்க சார்" என்றார் பரணீதரன் அண்ணா. "வாய் அசைஞ்சதே."

"உங்க வாய்கூட அசையுது. போன்ல பேசறீங்கன்னு ஒருத்தர் சொல்லலாமே."

தர்மினி ஆன்ட்டி குனிந்துகொண்டார்.

"மிதுனா?"

"பாடினீங்க சார். கழுத்து நரம்பு எழும்பிச்சு."

"பாடாம அந்த நரம்பை எழுப்ப உன்னால முடியுமா?"

"முடியும்."

"செய்."

செய்தேன்.

"நல்லா இருக்கு" என்றார். "அம்மா, நீங்க சொல்லுங்க. நான் பாடினேனா?"

தர்மினி ஆன்ட்டி தயங்கினார். "பாடினனீங்கள் சார். ரண்டாம் காலத்தில, கடைசிக்கு முதல் வரியில, மோதிர விரலுக்கு வரேக்க உங்கட கை ஒருக்கால் தடக்கினது."

"தடுக்கிச்சா?"

"கொஞ்சமாத்தான். பிறகு ஓடிப் பிடிச்சிட்டீங்கள்."

"ஏன் தடுக்கிச்சு?"

"அந்த இடம் கஷ்டம் சார். எனக்கும் அதிலதான்…" நிறுத்திக்கொண்டார்.

சார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமாப் பாடுறேன். அந்த இடத்துல இன்னும் மாட்டும்."

ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். "சார், நான் ஒண்டு சொல்ல வேணும். இண்டையோட நான்…"

"இருங்கம்மா. இந்த வருஷம் முப்பத்தோரு வாரம் ஆச்சு. உங்க கை எத்தனை வாட்டி நின்னுச்சு?"

"எண்ணேல்ல சார்."

"நான் எண்ணிப் பார்த்தேன். முடியல, விட்டுட்டேன். பரணீதரன், உங்க கை?"

"கணக்கே இல்ல சார். போன வாரம் ஸ்டியரிங்ல இடிச்சுக்கிட்டேன்."

"மிதுனா, உன் கை?"

வகுப்பில் யாராலும் மிஞ்ச முடியாத பதில் என்னிடம் இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு தடவைகூட இல்ல சார்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

பெர்கனில் மழை பெய்துகொண்டிருந்தது. பரணீதரன் அண்ணா திரைக்கு நெருங்கி வந்து, முதல் முறையாக என் கட்டத்தைப் பார்த்தார். ஆன்ட்டியும் பார்த்தார். நான் எல்லாக் குரலையும் தேடினேன். சித்தப்பா, கீழ்வீட்டு அம்மாள், இரும்புக்காரர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இரண்டாம் காலம்" என்றார் சார். "எல்லாரும் மியூட்."

சார் பாடத் தொடங்கினார். நானும் தொடங்கினேன். முதல் வரியில் கை ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் வரியில் வாய் ஓட, கையும் கூடவே ஓடிற்று. இழுத்துப் பிடித்தேன், வாய் நின்றது. வாயைத் தள்ளினேன், கை நின்றது. சுண்டு விரல் மடங்கியபடியே இருந்தது, அடுத்து எந்த விரல் என்று தெரியவில்லை. ஒரு தடவை கேட்டாலே வருகிற எனக்கு எட்டு எண்ணத் தெரியவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை உதடு வரை வந்தது. அப்படியே பாடினேன்.

பன்னிரண்டு நிமிடம் கழிந்து சார் கையை இறக்கினார். எல்லாரையும் திறந்துவிட்டார்.

பரணீதரன் அண்ணாவால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த ஆள் இன்னைக்கு இருக்க மாட்டாங்கன்னீங்களே. போயாச்சா?"

தர்மினி ஆன்ட்டி கையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

சார் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கட்டத்தில் நின்றார். என் விரல் இன்னும் மடங்கியபடியே இருந்தது.

"போயாச்சு, இப்பதான்" என்றார். "வா மிதுனா. உட்காரு."